ஒயரே இல்லாத மேசை விளக்கு: மூட்டில் மினுக்குது, என்ன செய்யலாம்?

அலுமினியப்பட்டை:
ரிச்சர்ட் சாப்பர் 1972-ல் ஆர்ட்டெமிடே கம்பெனிக்காக வடிவமைத்த டிஸியோ விளக்கை ஒரு ஆபீஸில் பார்த்ததிலிருந்து அதே நினைப்புதான். விளக்கின் கையோடு ஒயர் எதுவும் ஓடவில்லை, அந்த மெல்லிய கைகளே கரண்டைக் கொண்டுபோகின்றன. அதே மாதிரி ஒன்றை நானே செய்துபார்த்தேன். ஒவ்வொரு கைக்கும் இரண்டு அலுமினியப் பட்டை, நடுவில் கரண்ட் கடத்தாத ஹைலம் ஷீட், மூட்டில் போல்ட், கீழே 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், தலையில் 50 வாட் ஹாலஜன். எரிகிறது, ஆனால் கையை அசைத்தால் மினுக்குகிறது, பத்து நிமிஷத்தில் முழங்கை மூட்டைத் தொட முடியவில்லை. எங்கே தப்பு?

பழைய சாலிடர்:
தப்பு அலுமினியத்தில்தான் தம்பி. நீங்கள் எமரி போட்டுத் தேய்த்து முடிக்கும் முன்னாடியே அதன் மேல் ஆக்ஸைடு படலம் வந்துவிடும், அதில் கரண்ட் போகாது. போல்ட் இறுக்கமாக இருக்கும்போது படலம் உடைந்து ஏதோ ஓடுகிறது, அசைத்தால் விட்டுவிட்டு வருகிறது. அதோடு 12 வோல்ட்டில் 50 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல். அதே வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட வராது. வோல்ட்டைக் குறைத்ததால் விளக்கின் கையை மூடாமல் வெறுமனே விட்டாலும் ஷாக் பயம் இல்லை, அதற்கு விலையாக ஆம்பியர் ஏறிவிட்டது, அந்த ஆம்பியர் மொத்தமும் உங்கள் ஒற்றை மூட்டு வழியாகத்தான் போகிறது. மூட்டில் பித்தளை வாஷர் வையுங்கள், ஸ்பிரிங் வாஷர் போட்டு அழுத்தம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பர் மூட்டுகளுக்கு பிரஸ் பட்டன் மாதிரி ஒரு அமைப்பைத்தான் வைத்தார். விளக்கு விழுந்தால் உடையாமல் மூட்டு கழன்றுவிடும், திரும்ப அழுத்தினால் போதும்.

நிழல்விரும்பி:
ஹாலஜனை விட்டுத்தள்ளுங்களேன். 5 வாட் எல்இடி போட்டால் 0.4 ஆம்பியர்தான், சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் குறைவதால் மூட்டில் அது கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் எலக்ட்ரானிக் வகை என்றால் அதையும் மாற்றுங்கள். இவ்வளவு குறைந்த லோடில் அது சரியாக ஓடாது, நீங்கள் திரும்பவும் மூட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 12 வோல்ட் டிசி அடாப்டர் போதும்.

கைப்பிடிச்சுவர்:
எல்இடி சரிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்இடிக்கு சூட்டை வெளியேற்ற உலோகம் வேண்டும், அதனால் இப்போது விளக்கின் உடம்பே ஹீட்சிங்காகிவிடுகிறது. என் சமையலறை அலமாரிக்கு அடியில் அப்படி ஒன்று போட்டேன், பார்க்க அழகு, இரண்டே வருஷத்தில் போய்விட்டது. எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்ததால் முழுசையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. டிஸியோவில் பல்பைத் தனியாக மாற்றலாம், உங்களுடையதிலும் சாக்கெட்டைக் கழற்றிவிடாதீர்கள். விளக்கு வடிவமைப்பாளர் இன்கோ மவுரரின் யாயாஹோவைப் (1984) பார்த்திருக்கிறீர்களா? இரண்டு வெற்றுக் கேபிள்களை இழுத்துக் கட்டி, அதில் எங்கே வேண்டுமானாலும் விளக்கைத் தொங்கவிடலாம். இதே 12 வோல்ட் தைரியம்தான்.

அலுமினியப்பட்டை:
எல்லோருக்கும் நன்றி. பித்தளை வாஷர், ஸ்பிரிங் வாஷர், எல்இடி, டிசி அடாப்டர் எல்லாம் போட்டேன், சாக்கெட் அப்படியே இருக்கிறது. மினுக்கல் போச்சு, மூட்டைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது. ஆனால் அந்தக் குட்டி ஹாலஜன் பல்பைவிட இந்த எல்இடி கனம் போல, தலை மெல்ல மேசையை நோக்கிக் குனிந்துகொண்டே வந்தது. ஸ்பிரிங் இல்லாமல் எடையை வைத்தே நிற்கிற சமாச்சாரம் ஆச்சே, மறுமுனையில் இரண்டு நட்டு கூடுதலாகக் கோத்துவிட்டேன். இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது.