அந்த 13 நிமிட நடனம் தேவைதானா?

கடற்கரை: 1952-ல வந்த ஹாலிவுட் பாட்டுப் படம் ‘சிங்கிங் இன் த ரெயின்’தான் உச்சம்னு சொல்றாங்க. நல்ல படம்தான், மறுக்கல. ஆனா கதை சூடுபிடிக்கிற நேரத்துல ‘பிராட்வே மெலடி’ன்னு ஏறக்குறைய 13 நிமிஷம் டான்ஸ். நடனக்காரி சிட் சரீஸ் அதுக்கு மட்டும் வந்துட்டுப் போறாங்க, ஒரு வசனம் கூட இல்ல. பாட்டுகளும் பெரும்பாலும் தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீட், நாசியோ ஹெர்ப் பிரவுனோட சேர்ந்து முன்னாடி எழுதினதுதான். ஒட்டுப்போட்ட படத்தை எப்படி உச்சத்துல வைக்கிறது?

சன்னல்சீட்: பழைய பாட்டுன்னா குறையா சார்? அந்தப் பாட்டுகளோட காலத்தைப் பார்த்துத்தான் திரைக்கதை எழுதின பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் கதையையே 1927-ல கொண்டுபோய் வெச்சாங்க. ஊமைப் பட நட்சத்திரங்கள் திடீர்னு பேச வேண்டிவந்த நேரம். அந்த மைக் சீனை மறந்துட்டீங்களா? முதல்ல செடிக்குள்ள மைக்கை ஒளிச்சு வைப்பாங்க. கதையில வர்ற ஊமைப் பட நட்சத்திரம் லீனா தலையைத் திருப்புற பக்கமெல்லாம் குரல் காணாமப் போகும். அப்புறம் மார்புப் பக்கம் வெச்சா இதயத்துடிப்பு மட்டும் கேட்கும். கடைசில ஸ்டுடியோ முதலாளி உள்ள வந்து, ‘என்ன வயர் இது’ன்னு பிடிச்சு இழுக்க, அந்தம்மா அப்படியே மல்லாந்துடுவாங்க. எத்தனை தடவை பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

கடற்கரை: அவ்வளவு நல்லா போற படத்தை நடுவுல நிறுத்துறாங்களேன்னுதான் எனக்குக் கோபம். இன்னொண்ணு: கீச்சுக் குரல் லீனாவுக்கு மறைவா குரல் கொடுக்கிற கேத்திக்குப் பேர் கிடைக்கணும்னு சொல்ற படம் இது. அதுலயே கேத்தியா நடிச்ச டெபி ரெனால்ட்ஸுக்காக ‘வுட் யூ’ பாட்டைப் பாடின பெட்டி நாய்ஸ் பேர் டைட்டில்ல இல்ல. இது நியாயமா?

பழம்பாட்டு: நியாயமே இல்லைங்க. அதுல நான் உங்க பக்கம். லீனாவுக்காக கேத்தி வசனம் பேசுற சீன்ல நாம கேட்கிறது, லீனாவா நடிச்ச ஜீன் ஹேகனோட சொந்தக் குரல். அவ்வளவு நல்ல குரலை வெச்சுக்கிட்டு, படம் முழுக்கக் கீச்சுக் குரல்ல நடிச்சிருக்காங்க. ஆஸ்கருக்குப் பரிந்துரையானது சும்மா இல்ல.

ஆனா டான்ஸை வெட்டணும்னு சொல்லாதீங்க. மழைப் பாட்டுல கதாநாயகன் ஜீன் கெல்லி குடையை மடக்கிட்டு, கூரைக் குழாய்த் தண்ணியை முகத்துல வாங்கிட்டு நிக்கிறாரே, அன்னிக்கு 103 டிகிரி காய்ச்சலாம். அப்படி ஆடுறவருக்கு 13 நிமிஷம் கொடுத்தா என்ன?

சன்னல்சீட்: அந்த டான்ஸ் முடிஞ்சதும் முதலாளி, இதை மனசுல கற்பனை பண்ணிப் பார்க்க முடியல, படமா பார்த்தாத்தான் தெரியும்பார். நாம முழுசா பார்த்து முடிச்சிருப்போம்!

கடற்கரை: அந்த வரிக்கு நானும் சிரிச்சேங்க. ஆனா அந்த நேரத்துல எனக்கு லீனாவோட குட்டு எப்ப உடையும்னுதான் தெரியணும். அதுக்குப் போய் இவ்வளவு நேரம் காக்க வெச்சிருக்க வேண்டாம்.