மலைச்சரிவில் ட்ரோன்: பறப்புத் திட்டம் கைகொடுக்காத அனுபவங்களைப் பகிருங்கள்

குன்னூர் உறுப்பினர்:
தேயிலைத் தோட்டம் ஒன்றை அளவெடுக்கும் வேலை. வண்டிப் பாதை சரிவின் அடியில் மட்டுமே இருந்ததால் அங்கிருந்தே ட்ரோனை ஏற்றினார்கள். மென்பொருளில் முன்கூட்டியே போட்ட பறப்புத் திட்டத்தில் உயரம் 80 மீட்டர்; அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல் வரிசைகளை எட்டியபோது, நிழலுக்காக நட்டிருந்த சில்வர் ஓக் ஒன்றின் உச்சி இலைகள் விசிறிக் காற்றில் புரண்டு, அவற்றின் வெள்ளை அடிப்புறம் ரிமோட் திரை முழுவதும் பளிச்சிட்டது. அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. மரத்தில் மோதாமல் ட்ரோன் திரும்பிவிட்டது. ஆனால் படங்கள் பயன்படவில்லை. நிலம் 40 மீட்டர் உயர்ந்த இடத்திலேயே கேமராவில் விழும் அகலம் பாதியாகிவிடுகிறது. ட்ரோன் போய்வரும் இணைகோடுகளான பறப்பு வரிகளின் இடைவெளியோ மாறுவதில்லை. ஆகவே 75 விழுக்காடாக வைத்த பக்க ஓவர்லேப், அதாவது அடுத்தடுத்த வரிகளின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு, அங்கே 50 விழுக்காடாகிறது. அதற்கும் மேலே வரைபடம் பொத்தல் பொத்தலாக வந்தது.

பூம்பாறை உறுப்பினர்:
நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் வசதியை இயக்கியிருந்தால் போதுமே என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. எங்கள் பூண்டு வயல் அடுக்குகளைப் படமெடுத்தபோது அந்த வசதி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் ட்ரோன் தைலமரத் தோப்பை நோக்கி நேராகப் போயிற்று, இயக்கியவர் கையால் நிறுத்தும்வரை. மென்பொருளின் பக்கவாட்டுக் காட்சியில் அந்த இடம் வெறும் மேடாகவே தெரிந்தது. பல மென்பொருள்கள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்டது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதன்பின் வளர்ந்த மரம் அதில் இருக்காது. செங்குத்துப் பாறையும் அதில் சாய்வாக மழுங்கித்தான் தெரியும். தரவு எந்த ஆண்டினது என்பதைத் திட்டம் போடும் திரையிலேயே காட்டுவதற்கு என்ன தடை?

கோத்தகிரி உறுப்பினர்:
பூம்பாறை நண்பர் தரவைக் குறை சொல்கிறார். புதிய தரவு இருந்தும் எங்கள் பணியில் ஆபத்து வந்தது. கொடநாடு பக்கம் மூடுபனி ஏறியதும் சிக்னல் அறுந்தது. ட்ரோன் தானாகவே, திரும்பி வருவதற்கென்று முன்பே குறித்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்தை நோக்கி நேர்கோட்டில் புறப்பட்டது. நடுவில் ஒரு மேடு இருந்தது. பனிக்குள் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டபடி, யாரும் பேசாமல் நின்றோம். எப்படியோ வந்து சேர்ந்தது.

மென்பொருள் எழுதுபவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவர்களிடம் கேட்பது இதுதான். திட்டத்தின் வரிகளை மட்டும் நில உயரத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பச்சைக் குறி காட்டாதீர்கள். ஒவ்வொரு வேபாயின்ட்டிலிருந்தும் (திட்டப் பாதையில் குறித்த புள்ளி) கிளம்பிய இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் நெடுக மரத்துக்கும் சேர்த்து இடைவெளி இருக்கிறதா என்று சோதியுங்கள்; இல்லாத புள்ளிகளைச் சிவப்பில் காட்டுங்கள். மேட்டுக்குப் பின்னால் சிக்னல் எங்கே மறையும் என்பதையும் அதே உயரத் தரவிலிருந்து முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். இன்னொன்று: பூமியைச் சீரான நீள்வட்டக்கோளமாகக் கொண்டு ஜிபிஎஸ் நேரடியாகத் தரும் உயரம், நம் பகுதியில் கடல்மட்ட உயரத்தைவிட 90 மீட்டரையொட்டிக் குறைவாக வரும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் மென்பொருள், ட்ரோனை மலைக்குள்ளேயே செலுத்திவிடக்கூடும். எந்த உயரம் என்று கட்டாயமாகக் கேட்க வேண்டும். பணிக்குச் செல்பவர்களும், மேட்டுக்கு இருபுறமும் தெரியும் இடத்தில் நின்று ஏற்ற முடியுமா என்று முதலில் நடந்து பாருங்கள்.

ஊட்டி உறுப்பினர்:
பேட்டரியைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தாங்க விசிறி வேகமாகச் சுழல வேண்டும். நாங்கள் பயன்படுத்திய மென்பொருளோ சமவெளியில் பறப்பதுபோல நேரத்தைக் கணக்கிட்டது. கடைசி வரிகள் மீதமிருக்கும்போதே, பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில், எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கியது. அதன்பிறகு நாங்கள் வரிகளைச் சரிவில் ஏறி இறங்கும்படி போடுவதில்லை. சம உயரக் கோட்டையொட்டிக் குறுக்கே போடுகிறோம், மேல் வரிசையிலிருந்து தொடங்குகிறோம்.