குடிச்சவர் கார் சாவியைப் பிடுங்கினா நாமதான் கெட்டவங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சாவிக்காரன்:
நண்பர் வீட்டு பார்ட்டி, நாலு ரவுண்டு போயாச்சு, ஒருத்தர் கிளம்புறேன்னு எழுந்து வெளிய வந்து ரிமோட்டை அமுக்குறார், அமுக்கிக்கிட்டே அடுத்தவன் கார் முன்னாடி நின்னு "ஏன்டா திறக்க மாட்டேங்குது"ன்னு கதவை உதைக்கிறார். சாவியைப் பிடுங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். உடனே எல்லாருக்கும் நான்தான் வில்லன். அவர் மனைவியே "குடுத்துடுங்கண்ணா, இதை விட அதிகமா குடிச்சிட்டெல்லாம் ஓட்டியிருக்கார்"ங்கறாங்க, தோள்ல குழந்தை தூங்குது. குடுத்துட்டேன். வீடு சேர்ந்துட்டோம்னு மெசேஜ் வந்துச்சு. அதுக்கப்புறம் என்னை எந்த பார்ட்டிக்கும் கூப்பிடறதில்ல.

நடுநிசி:
எங்க ஆபீஸ் குரூப்ல ராத்திரி நான்தான் போட்டேன், "மெயின் ரோட்ல ஊதச் சொல்றாங்க, சுத்திப் போங்க"ன்னு. பதினேழு பேர் நன்றி சொன்னாங்க. காலைல எவனோ குடிச்சிட்டு வந்து ரோட்டோரம் நின்னவங்க மேல ஏத்திட்டான்னு நியூஸ், அதே குரூப்ல "இவனையெல்லாம் தூக்குல போடணும்"னு டைப் பண்ணி அனுப்பினப்புறம்தான் பார்த்தேன், என்னோட ரெண்டு மெசேஜும் ஒரே ஸ்க்ரீன்ல இருக்கு. அழிக்கலாம்னு நினைச்சேன், அழிக்கல.

கணக்குப்புள்ள:
சாவிக்காரன், திருப்பிக் குடுத்தது உங்க தப்பு, இதுல புலம்ப ஒண்ணுமில்ல. நடுநிசி, மனுஷங்களை விடுங்க, சட்டமே குழப்பம்தான். வண்டி ஓட்டறவங்களுக்கு இங்கிலாந்துல 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரைக்கும் ஓகே, பக்கத்துல ஸ்காட்லாந்துல 2014லேர்ந்து 50, இந்தியால 30, ஸ்வீடன்ல 20. பார்டர் தாண்டினது ஈரலுக்குத் தெரியுமா? ஒரு பக்கம் "குடித்தால் ஓட்டாதே"ன்னு விளம்பரம், இன்னொரு பக்கம் கொஞ்சம் குடிச்சா பரவால்லன்னு லிமிட், ஆளாளுக்கு அந்தக் "கொஞ்சம்" எவ்ளோன்னு அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க. இன்னொண்ணு, காபி, பச்சைத் தண்ணி குளியல், வாந்தி எடுக்கறது எதுவும் ரத்தத்துல ஏறினதை இறக்காது. ஈரல் தன் வேகத்துலதான் வேலை செய்யும், மணிக்கு சுமார் 15 மில்லிகிராம். ராத்திரி 1 மணிக்கு 150 இருந்தா காலைல 7 மணிக்கும் 60 இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்னா, குளிச்சு, அயர்ன் பண்ண சட்டை போட்டுக்கிட்டு ஆபீஸ் கிளம்பி காலைல மாட்டினவன் நான்.

பழைய வேலே பையன்:
ஈரல் பாடம் யாரும் கேக்கலையே சார். நான் ஒரு பார்ல வேலே பார்க்கிங் பார்த்தவன், அதாவது வர்றவங்க காரை வாங்கி நிறுத்தி, கிளம்பும்போது திருப்பிக் கொண்டு வந்து குடுக்கற வேலை. ஒருத்தரை ரெண்டு பேர் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க, நடக்க முடியல. நான் காரைக் கொண்டு வந்து நிறுத்தி, டிரைவர் சீட்ல அவரை உக்கார வச்சு, சீட் பெல்ட்டையும் நானே மாட்டி விட்டேன், பத்திரமா போகணுமேன்னு. டிப்ஸும் வாங்கினேன். முடியாதுன்னு சொன்னா வேலை போயிடும். சுவத்துல "மது அருந்தி வாகனம் ஓட்டாதீர்"னு பெரிய போர்டு, அதுக்கு நேர் கீழதான் சாவி மாட்டற ஆணி.

கணக்குப்புள்ள:
சாவி காணோம்னு ஒரு மணி நேரம் இழுத்தடிச்சிருக்கலாமே தம்பி.

பழைய வேலே பையன்:
ஒரு மணி நேரத்துக்கு 15தான் இறங்கும்னு நீங்கதான சொன்னீங்க.