பெனுகொண்டா கதையை மரபணு நிரூபித்துவிட்டதா?

நகரி செட்டியார்:
எங்கள் ஆரிய வைசியர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். ஐதராபாத்தின் உயிரியல் ஆய்வகமான சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு: ஆந்திர வைசியர்கள் மிகச் சிலரிலிருந்து பெருகியவர்கள், அதன்பின் வெளியிலிருந்து கலப்பு மிக மிகக் குறைவு. விஷ்ணுவர்தன ராஜா பெண் கேட்டதற்கு மறுத்து வாசவி அம்மன் பெனுகொண்டாவில் தீயில் இறங்கினாள், 714 கோத்திரத்தில் அவளோடு நின்றது 102தான், அந்த வழிதான் நாம் என்று பாட்டி சொன்னாளே! இனி அதைக் கட்டுக்கதை என்று எவனும் சொல்ல முடியாது.

குப்பத்தான்:
அண்ணே, சிலரிலிருந்து பெருகியது உண்மை. காலம்தான் உதைக்கிறது. ஆய்வு சொல்வது 2,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு. கதையில் வரும் விஷ்ணுவர்தனனைக் கீழைச் சாளுக்கியன் என்கிறீர்கள். அவர்கள் ஆட்சியே 7-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது.

நகரி செட்டியார்:
எலும்பு தோண்டவில்லை, கல்வெட்டு படிக்கவில்லை. இன்றைக்கு இருப்பவன் ரத்தத்தை வைத்து வருஷம் சொல்வது ஜோசியம் இல்லையா தம்பி?

குப்பத்தான்:
இல்லை அண்ணே. ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு பேருக்கு வந்த டி.என்.ஏ. துண்டு தலைமுறைக்குத் தலைமுறை வெட்டுப்பட்டுச் சிறுத்துக்கொண்டே போகும். துண்டு நீளமாக இருந்தால் உறவு கிட்டத்தில், குட்டையாக இருந்தால் வெகு தூரத்தில். கணக்கில் முன்னே பின்னே இருக்கலாம், பெனுகொண்டா கதையின் காலம் வரைக்கும் இழுக்க முடியாது. ஏன் சிலராகக் குறைந்தார்கள் என்பதையும் அது சொல்லாது. தீயா, பஞ்சமா, பிழைக்க ஊர் மாறியதா, எதுவாகவும் இருக்கலாம்.

சத்தியவேடு வாசி:
'கலப்பில்லாத ரத்தம்' என்றும் ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். அதே ஆய்வாளர்கள் 2013-இல் சொன்னதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை வடக்கு, தெற்கு என்ற இரண்டு பழைய மூதாதை வழிகளும் நாடு முழுக்கக் கலந்திருக்கின்றன. எல்லோரும் கலந்த பிறகுதான் அவரவர் சமூகத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். செட்டியார் வீடும் அப்படித்தான், எங்கள் வீடும் அப்படித்தான்.

புத்தூர் சிஸ்டர்:
நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறவள். நீங்கள் ராஜா காலத்துக்குச் சண்டை போடுகிறீர்கள், எனக்குப் பயம் ஸ்கோலின்தான். ஆபரேஷனுக்கு முன் தசை தளரப் போடும் ஊசி. மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளிந்து மூச்சு திரும்பும். அதை உடைக்கும் நொதி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வென்டிலேட்டர் வேண்டும். இந்தக் குறை வைசியர்களிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மயக்க டாக்டர்கள் இங்கே சமூகத்தைக் கேட்பது அதனால்தான்.

நகரி செட்டியார்:
சொந்தத்தில் கட்டினால்தான் அம்மா அதெல்லாம். நாங்கள் கோத்திரம் பார்த்துத்தான் கட்டுகிறோம்.

புத்தூர் சிஸ்டர்:
கோத்திரம் மாறினாலும் பழைய மூதாதைகள் அதே சிலர்தானே சார்? நீங்கள் பெருமையாகப் பகிர்ந்த ஆய்வே அதைத்தான் சொல்கிறது. சொந்தமே இல்லாத இரண்டு வீட்டிலும் அதே குறை இருக்கலாம்.

நகரி செட்டியார்:
சரி, ஊசி விஷயத்தைக் குழுவில் போடுகிறேன், வயதானவர்கள் இருக்கிறார்கள். 102 பற்றிய பதிவை மட்டும் நீக்க மாட்டேன். சாளுக்கியன் காலம் தப்பாக இருந்தால் அது சரித்திரக்காரர்கள் பாடு.

குப்பத்தான்:
நீக்க வேண்டாம் அண்ணே. 'ஆய்வு நிரூபித்தது' என்ற வரியை மட்டும் எடுங்கள்.