உடம்புக்குள் வைத்த காந்தம்: உங்களில் யாருக்காவது அனுபவம் உண்டா?

போன வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து சித்தியின் மகன் வந்தான். மோதிர விரல் நுனியில், தோலுக்குள்ளே, அரிசி மணியளவு காந்தம். ஊசியைத் தொட்டுத் தூக்கிக் காட்டினான், கிரைண்டர் ஓடினால் விரலுக்குள் அதிருமாம். சின்னதுகள் எல்லாம் அவனைச் சுற்றித்தான். அப்பாவுக்கு 2009 சண்டையிலிருந்து முதுகெலும்புக்குப் பக்கத்தில் செல் (எறிகணை) துண்டு. அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதை எடுக்க ஏலாமல் கிடக்குது, நீ காசு குடுத்து வைச்சிருக்கிறாய்" என்றார்.

வைத்தவர் டொக்டர் இல்லை, பச்சை குத்தும் கடைக்காரர், விறைப்பு ஊசிகூட இல்லாமல் ஐஸ் தண்ணீரில் விரலை மரக்க வைத்துக் கீறினாராம். கராச்சில் பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக டக்கென்று ஒட்டிக்கொண்டது, தோல் நடுவில் நசுங்கியது. அதோடு இரணைமடு வாய்க்காலில் குளிப்பு வேறு. நாலாம் நாள் நுனி கறுத்து வீங்க, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். வந்தது கரித்தூள் மாதிரி மூன்று துண்டு. இந்தக் காந்தம் செய்கிற நியோடைமியம் என்ற உலோகக் கலவை உடம்பு ஈரத்தில் அரித்துவிடும், அதற்காகத்தான் மேலே டைட்டானியம் நைட்ரைட் பூசுகிறார்கள், பூச்சு வெடித்தால் அவ்வளவுதான்.

மாங்குளத்தான்:
எனக்குத் தொடையில் துண்டு. எம்ஆர்ஐக்கு (பெரிய காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கும் ஸ்கான்) போனபோது முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, தசைக்குள் இறுகிவிட்டது என்று ஸ்கான் எடுத்தார்கள், கொஞ்சம் சூடு தெரிந்தது. எனக்கு முன்னால் நின்றவருக்குக் கண்ணுக்குள் இரும்புத் தூள், அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் காந்தத்தோடு அந்த அறைக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா:
எங்கள் அவர் ஏழு வருசம் முதுகில் செடில் முள் குத்திக் காவடி எடுத்தவர். முள்ளை அன்றைக்கே கழற்றித் திருநீறு போடுவார்கள், ஆறிவிடும். உள்ளேயே விட்டுவிடுவது வேறு கதை. லண்டனில் இருக்கும் மருமகள் நெஞ்சுத் தோலுக்கடியில் தகடு வைத்து மேலே கல் பதித்தாள். துவாய் கொழுவிக் கொழுவி, தோல் மெலிந்து சிவந்து, தகடு மேலே வரத் தொடங்கியது. தானாக வெளியே வரும்வரை விட்டிருந்தால் தழும்பு பெரிதாகியிருக்கும், நேரத்தோடு எடுத்தாள். கொதித்தாறின உப்புத் தண்ணீரால் மட்டும் கழுவச் சொன்னார்கள். நான் மஞ்சள் பூசச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டினேன்.

முதலில் எழுதியவர்:
தம்பிக்கு நுனியில் இன்னும் உணர்ச்சி சரியாக இல்லை. அடுத்த வருசம் திரும்ப வைக்கப் போகிறானாம், இந்த முறை இடக்கை.