எடையும் விலையும் குறைந்த மடிக்கணினி: வாங்கியவர்களின் அனுபவங்கள்

மொழிபெயர்ப்பாளர்:

நாள் முழுவதும் எழுதுவதும் திருத்துவதும்தான் என் தொழில். வேலை செய்யும் இடம் அடிக்கடி மாறுவதால் மடிக்கணினி தோளில் தொங்காத நாள் குறைவு. முன்பு வைத்திருந்தது 15.6 அங்குலத் திரையும் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. அதன் சார்ஜரைத் தனியாகத் தூக்கினாலே செங்கல்லைத் தூக்கியது போலிருக்கும். எனவே ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஒரு முழு வேலை நாள் சார்ஜ் நிற்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு புதியதைத் தேடினேன்.

விளம்பரத்தில் அச்சிடும் எடை சார்ஜரைச் சேர்க்காத எடை. 1.3 கிலோ என்று விற்கும் கணினியோடு 400 கிராம் சார்ஜரும் கம்பியும் வந்தால், தோள் சுமப்பது 1.7 கிலோ. அதனால் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினிகளை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்தேன். காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியைக் கொண்டு செய்யப்படும் 65 வாட் சார்ஜர்கள் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. கைப்பேசிக்கும் அதையே பயன்படுத்தலாம். ஆனால் யூஎஸ்பி-சி துளை இருக்கிறது என்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. விலை குறைந்த சில மாதிரிகளில் அந்தத் துளை கோப்புகளைப் பரிமாற மட்டுமே பயன்படும்; சார்ஜ் செய்ய வேறொரு வட்டத் துளை பக்கத்தில் இருக்கும். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் 'பவர் டெலிவரி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நான் மேற்கொண்டு படித்தேன்.

பேட்டரியைப் பொறுத்தவரை, பெட்டியின் மேல் போட்டிருக்கும் மணிக்கணக்கை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் திரையின் ஒளியைக் குறைத்து வைத்து ஒரு காணொளியை ஓடவிட்டு எடுக்கும் கணக்கு. நம்பத்தக்க எண் வாட்-மணி, அதாவது பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு. எனக்குப் பிடித்திருந்த இரண்டு 14 அங்குலக் கணினிகளில் ஒன்றில் 38 வாட்-மணி பேட்டரியும் மற்றொன்றில் 54 வாட்-மணி பேட்டரியும் இருந்தன. எழுத்து வேலைக்குச் சராசரியாக 6 வாட் செலவாகும் என்று வைத்துக்கொண்டால் முதலாவது ஆறு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், இரண்டாவது ஒன்பது மணி நேரம் நிற்கும். கனத்தைக் குறைப்பதற்குத் தயாரிப்பாளருக்கு இருக்கும் மிகச் சுலபமான வழி பேட்டரியைச் சிறிதாக்குவதுதான் என்பது இந்த ஒப்பீட்டில் விளங்கியது. சற்றே கனமானதைத்தான் வாங்கினேன். இப்போது சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடிகிறது என்பதால், உண்மையில் சுமக்கும் எடை குறைந்துதான் இருக்கிறது.

கல்லூரி மாணவி:

அக்கா எழுதியதைப் படித்தபோது, அண்ணன் எனக்குக் கொடுத்த கணினி நினைவுக்கு வந்தது. 11.6 அங்குலத் திரை, 1.1 கிலோ எடை, மின்விசிறி இல்லாததால் துளி சத்தம் கிடையாது. பையில் இருப்பதே தெரியாது. ஆனால் அதில் இருந்தவை 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகமும் மட்டுமே.

இஎம்எம்சி என்பதும், இன்றைய கணினிகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போல அசையும் பாகம் இல்லாத நினைவகம்தான் என்றாலும், இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. இஎம்எம்சியின் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. இன்றைய என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகளில் மலிவானவைகூட நொடிக்கு ஆயிரம் எம்பியைத் தாண்டிப் படிக்கின்றன. அதைவிடப் பெரிய சங்கடம், இஎம்எம்சி தாய்ப்பலகையோடு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பற்றவைக்கப்பட்டிருப்பது. 64 ஜிபி என்று சொல்லப்படுவது கணினியில் 60 ஜிபிக்கும் குறைவாகத்தான் தெரியும். அதில் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்த பெரிய புதுப்பிப்பு வரும்போது இடம் போதவில்லை என்று நின்றுவிடும். பாடக் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பது அதை நிறுவுவதற்குத் தேவையான அளவே தவிர, நிம்மதியாக வேலை செய்யப் போதுமான அளவு அல்ல. பின்னர் அதில் குறைந்த ரேமிலும் இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவியதும் உலாவிக்கும் குறிப்பெடுப்பதற்கும் போதுமானதாகிவிட்டது. தேர்வுக்குத் தேவைப்பட்ட ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்றபோதுதான் வேறு கணினியைத் தேட நேர்ந்தது.

என் அறைத்தோழி, விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்கும் குரோம்புக் வாங்கினாள். அவளுடைய பாடங்கள் எல்லாம் உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குரோம்புக் வாங்க நினைப்பவர்கள் அதன் புதுப்பிப்புக் காலம் முடியும் தேதியை மட்டும் பார்த்துவிட வேண்டும். 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்து ஆண்டுகள் தானாகவே புதுப்பிப்புகள் வரும் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்தக் கணினியின் அடிப்படை வடிவமைப்பு வெளிவந்த நாளிலிருந்து தொடங்குகின்றன. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய கையிருப்பில் பாதிக் காலம் ஏற்கெனவே கழிந்திருக்கலாம்.

மடிக்கணினி பழுதுபார்ப்பவர்:

தங்கை சொல்லும் அந்தச் சிறிய கணினிகளின் வம்சம் பழையது. 2007ஆம் ஆண்டில் ஆசுஸ் நிறுவனம் ஈ-பிசி 701 என்ற ஏழு அங்குலக் கணினியை வெளியிட்டது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, 4 ஜிபி சேமிப்பகம், லினக்ஸ் இயங்குதளம். விலையும் எளியவர்களுக்கு எட்டும்படி இருந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிள் மேக்புக் ஏரைக் கொண்டுவந்தது. அதன் எடை 1.36 கிலோ. அந்த மெலிவுக்காகக் குறுந்தட்டு இயக்கியை நீக்கினார்கள், ஒரே ஒரு யூஎஸ்பி துளையோடு நிறுத்தினார்கள், ரேமைத் தாய்ப்பலகையில் பற்றவைத்தார்கள். விலையோ உச்சத்தில் இருந்தது. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் மெல்லிய கணினிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள். ஆகவே எந்தக் கணினி என் மேசைக்கு வந்தாலும், இதன் எடையையும் விலையையும் குறைக்க எதைக் கழற்றினார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

பெரும்பாலும் கழன்றிருப்பது ரேம் பொருத்தும் இடம். 8 ஜிபி பற்றவைத்து, கூடுதல் இடம் இல்லாமல் வரும் கணினியை எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் அது 8 ஜிபியாகவே இருக்கும். உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்களும் ஒரு காணொளிக் கூட்டமும் சேர்ந்தால் அது திணறுவதை நாள்தோறும் பார்க்கிறேன். பணம் கட்டுப்படியானால் 16 ஜிபி உள்ளதை வாங்குங்கள். இல்லையென்றால் 8 ஜிபியோடு ஒரு காலி இடம் உள்ள மாதிரியைத் தேடுங்கள். எஸ்எஸ்டியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அதைக் கழற்றிப் பெரியதாக மாற்றிவிடலாம். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் இடையே எதில் பணத்தைப் போடுவது என்று கேட்டால், பிறகு மாற்ற முடியாததில் போடுங்கள் என்பேன்.

அடுத்தது செயலியின் (பிராசசர்) பெயர். வாடிக்கையாளர்கள் பலர் இன்டெல்லின் ஐ5, ஏஎம்டியின் ரைசன் 5 என்ற முதல் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். உண்மை அதன் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஏஎம்டியின் 7000 தொடர் மடிக்கணினிச் செயலிகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைக் காட்டும். 7520யூ என்றால் அதில் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2. 7530யூ என்றால் ஜென் 3. 7540யூ என்றால் ஜென் 4. மூன்றுமே ரைசன் 5 என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டவை. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் 7520யூ போதும்தான். ஆனால் 7530யூவின் விலையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. இன்டெல்லில் என்100 என்பதை ஏளனமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். நான்கு சிறிய கணிப்புக் கருக்களும் (கோர்) 6 வாட் மின்செலவும் கொண்ட அந்தச் செயலி, இன்டெல்லின் பழைய மலிவுச் செயலியான செலரான் கொண்ட கணினிகளோடு போராடியவர்களுக்கு நல்ல முன்னேற்றம். எழுத்து, உலாவி, காணொளி என்ற எல்லைக்குள் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். காணொளித் தொகுப்பு செய்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

என் மேசைக்கு மிகுதியாக வருபவை கீல் உடைந்த கணினிகள். பிளாஸ்டிக் உடலில் சிறிய பித்தளைத் திருகுக் குமிழ்களைப் பதித்து அவற்றின் மேல் கீலை முடுக்கியிருப்பார்கள். கீல் இறுக்கமாக இருந்து, மூடியை ஒரு மூலையைப் பிடித்தே திறக்கும் வழக்கமும் இருந்தால், அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வந்துவிடும். பிறகு திரையின் கம்பியும் அறுபடும். மூடியை நடுவில் பிடித்துத் திறப்பது ஒன்றே இதற்கு மருந்து. கடையில் வைத்திருக்கும் கணினியில் விசைப்பலகையின் நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளமாக இறங்கினால் உடலில் வலு இல்லை என்று பொருள். மக்னீசியக் கலவையில் செய்தவை ஒரு கிலோவுக்குள் இருந்துகொண்டும் உறுதியாக நிற்கும், ஆனால் அவை பொதுவாக நாம் பேசும் விலைக்குள் வருவதில்லை.

திரையைப் பற்றி ஒரு சொல்: 250 நிட் ஒளிர்வும் (நிட் என்பது ஒளிர்வின் அலகு) 45 விழுக்காடு என்டிஎஸ்சி வண்ணப் பரப்பும் (திரை காட்டக்கூடிய வண்ணங்களின் அளவு) கொண்டவைதான் மலிவு மாதிரிகளில் அதிகம். அறைக்குள் அது போதும். ஜன்னலோரத்தில் அமர்ந்து வேலை செய்பவர்கள் 300 நிட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி சொன்ன மக்னீசியக் கலவை உடலைக் குறைந்த விலையில் பெற ஒரு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுத்துச் சில ஆண்டுகளில் மாற்றிவிடும் தொழில்முறைக் கணினிகள், அதாவது திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்றவை, புதுப்பிக்கப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. நான் பயன்படுத்துவது அப்படி வந்த ஒன்றுதான். விசைப்பலகையின் மென்மைக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். நீண்ட நேரம் தட்டினாலும் விரல் வலிப்பதில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு செய்திகளில் கறாராக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லாக இருந்தால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியும் தேவை. ஏழாவது தலைமுறைக் கணினி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், லினக்ஸ் போதும் என்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது ஆகாது. மற்றொன்று பேட்டரியின் நிலை. விண்டோஸில் பேட்டரி அறிக்கை ஒன்றை உருவாக்கும் வசதி உண்டு. அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுமையாகச் சார்ஜ் ஆகும்போது நிற்கும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். 50 வாட்-மணி 30 ஆகக் குறைந்திருந்தால், புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். விற்பவர் அந்த அறிக்கையைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

வயதானவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 13 அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தில் பாதிதான் தெரிகிறது. அகலமும் உயரமும் 16:10 விகிதத்தில் உள்ள திரை, அகலத்தைக் கூட்டாமல் கீழே சில வரிகளைக் கூடுதலாகத் தருவதால், படிப்பதற்கு 16:9ஐவிட இதமாக இருக்கிறது. 14 அங்குலம் எனக்குச் சரியாகப் பொருந்துகிறது.

தம்பியிடம் ஒரு கேள்வி: என் கணினி பெரும்பாலும் மேசையிலேயே, சார்ஜர் இணைப்போடுதான் இருக்கிறது. அதனால் பேட்டரி கெடுமா?

வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்:

எல்லாரும் கிராம் கணக்கில் பேசுகிறீர்கள். என் கணினி சமையலறையிலிருந்து கூடம் வரை பயணிப்பதுதான் அதிகம். 1.4 கிலோவுக்கும் 1.7 கிலோவுக்கும் இடையே எனக்கு வேறுபாடே தெரியவில்லை, ஆனால் 15.6 அங்குல மாதிரியில் கிடைக்கும் தனி எண் விசைகள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. எடை குறைந்ததற்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன், அந்தக் கணினி எவ்வளவு தூரம் நடக்கப் போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கூடுதல் துளைகளும் பெரிய கணினியில்தான் கிடைக்கின்றன. மெல்லியதை வாங்கிய என் தங்கை, எச்டிஎம்ஐக்கும் பென் டிரைவுக்கும் ஒரு இணைப்பியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

மடிக்கணினி பழுதுபார்ப்பவர்:

அம்மா சொல்வது சரி. எண் விசைகள் தேவைப்படுபவர்களுக்கு 14 அங்குலத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐயா, சார்ஜரை இணைத்து வைப்பது மட்டுமே கெடுதல் அல்ல. லித்தியம்-அயனி பேட்டரி நிரம்பிய நிலையிலும் வெப்பத்திலும் நெடுங்காலம் இருந்தால்தான் விரைவாகக் கொள்ளளவை இழக்கும். உங்களுடையது போன்ற தொழில்முறைக் கணினிகளில் தயாரிப்பாளரின் அமைப்பு மென்பொருளிலோ, கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை நிரலான பயாஸிலோ சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் தெரிவு பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, வெளியே எடுத்துச் செல்லும் நாளுக்கு முந்திய இரவில் மட்டும் நூறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெத்தையின் மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம். பல மாதிரிகளில் காற்று உள்ளே போகும் வழி அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.