19 அடி ஸ்போர்ட் போட் 39 மைலோடு நிற்கிறது, 50 எடுக்க என்ன செய்யலாம்?

ஏரிக்காற்று (பாரி, ஒன்ராறியோ):
வணக்கம். சிம்கோ ஏரியில் ஓடும் எங்கள் 19 அடி பௌரைடரின் (முன்பக்கமும் இருக்கையுள்ள படகு) வேகத்தைக் கூட்ட வேண்டும். மெர்குரூசர் 4.3 எம்பிஐ எஞ்சின், 220 குதிரைத்திறன், ஆல்ஃபா ஒன் டிரைவ் (புரொப்பெல்லரைச் சுழற்றும் பின்பகுதி), கியர் விகிதம் 1.81. புரொப்பெல்லர் படகோடு வந்த அலுமினியம்தான், மூன்று இதழ், 21 பிட்ச் (நழுவாமல் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய அங்குலம்). எதையும் மாற்றவில்லை. காற்றில்லாத காலையில், இரண்டு பேர், அரைத் தாங்கி பெட்ரோலோடு ஓட்டினால் முழுத் த்ரொட்டிலில் நிமிடத்துக்கு 4300 சுற்று, ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 39 மைல். 50 மைல் தொட ஆசை. 23 பிட்ச் வாங்கினால் சரிவருமா? அல்லது எஞ்சினில் கை வைக்க வேண்டுமா?

இரட்டைச்சுற்று:
23 போட்டால் இன்னும் மெதுவாகத்தான் ஓடும் என்று நினைக்கிறேன். எஞ்சினுக்கு மூச்சு விட இடம் கொடுங்கள். கார்பரேட்டர் காலத்திலிருந்து வருகிற அந்த ஃப்ளேம் அரெஸ்டரைக் கழற்றிவிட்டுக் கார்களுக்கு வருகிற திறந்த ஏர் ஃபில்டர் போடலாம். மஃப்ளரையும் எடுத்துவிட்டால் 4.3 நன்றாகப் பாடும். கணினியில் ரெவ் லிமிட்டரையும் (சுற்றுக்கு எல்லை வைப்பது) தூக்கிவிடலாம்.

பழைய சுக்கான்:
தம்பி இரட்டைச்சுற்று, ஃப்ளேம் அரெஸ்டரில் மட்டும் கை வைக்கச் சொல்லாதீர்கள். காரில் பெட்ரோல் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் அது எஞ்சின் அறையின் அடியில் தேங்கி நிற்கும். எஞ்சின் ஒருமுறை பின்னடித்தால் அந்தத் தீயை வெளியே விடாமல் தடுப்பது இந்த ஒரு பாகம்தான். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் கூடப் படகுக்கென்றே தீப்பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவை. மலிவு என்று கார்ப் பாகம் போட்டால் குடும்பத்தோடு எரிய வேண்டி வரும். கனடாவில் கரையோரம் மஃப்ளர் இல்லாமல் ஓடவும் சட்டம் விடாது. ரெவ் லிமிட்டரைப் பொறுத்தவரை, 4300-இலேயே நிற்கிற எஞ்சின் அந்த எல்லையைத் தொடவே இல்லையே?

ஏரிக்காற்று தம்பி, உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் படுவது 39 அல்ல, 4300. இந்த எஞ்சினுக்கு முழுத் த்ரொட்டில் வரம்பு 4400 முதல் 4800 வரை. இரண்டு பேரோடு, பாதி எரிபொருளோடு போகும்போது மேல் எல்லையை ஒட்டி ஓட வேண்டும். உங்களுடையது கீழ் எல்லையைக்கூடத் தொடவில்லை. இந்த நிலையில் 23 போட்டால் எஞ்சின் இன்னும் திணறும், பாரத்தில் இழுத்து இழுத்து உள்ளே சூடேறும்.

இன்னொன்றையும் கணக்குப் பாருங்கள். சுற்றைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056-ஆலும் வகுத்தால் புரொப்பெல்லர் தண்ணீரில் நழுவலே இல்லாமல் போனால் கிடைக்கும் வேகம் மைலில் வரும். ஒரு மைலில் 63,360 அங்குலம், அதை 60 நிமிடத்தால் வகுத்தால் 1056, அவ்வளவுதான். உங்கள் கணக்கு: 4300 × 21 ÷ (1.81 × 1056) = 47.2 மைல். ஓடுவது 39. ஆக 17 சதவீதம் நழுவலில் போகிறது. இப்படிப்பட்ட படகில் 10 முதல் 15 வரை என்றால் நான் கவலைப்பட மாட்டேன். 17 கொஞ்சம் அதிகம்.

அதனால் இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து வையுங்கள். ஒருவர் லீவரை முழுக்க முன்னால் தள்ளட்டும், நீங்கள் த்ரொட்டில் உடலை (எஞ்சினுக்குக் காற்று போகும் வாயை) பாருங்கள். தகடு முழுதாகத் திறக்கிறதா? கேபிள் நாளாக ஆகத் தளர்ந்துபோகும், லீவர் முட்டினாலும் தகடு முட்டாது. வேகமில்லை என்று வருகிற படகுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்தது அடிப்பாகம். கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மெல்லிய பாசிப் படலம் கையில் மணல் தாள் போல உரசும். சிம்கோவில் வரிக்குதிரை மட்டிகள் வேறு இருக்கின்றன, டிரைவில் தண்ணீர் உறிஞ்சும் துளைகளையும் பாருங்கள். புரொப்பெல்லர் இதழ்களின் விளிம்பில் சிறு மடிப்பு இருந்தாலும் நழுவல் கூடும்.

மட்டிக்கரை:
எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரோடு லாரி எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். பழைய படகுகளில் தளத்துக்கு அடியில் இருக்கும் மிதவை நுரை தண்ணீர் குடித்து நூற்றுக்கணக்கான பவுண்டு கூடியிருப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பின்பக்கம் தாழ்ந்து மிதக்கிறது என்றால் சந்தேகப்படலாம்.

ஏரிக்காற்று:
மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். எடை சரியாக இருக்கிறது, நுரை காய்ந்துதான் உள்ளது. ஆனால் த்ரொட்டில் கேபிள் நீங்கள் சொன்னது போலவே. தகடு முட்டுவதற்கு முன்பே லீவர் முட்டிவிட்டது. சரிசெய்தேன். அடியையும் தேய்த்துக் கழுவினேன், ஸ்கீ பெட்டிக்குள் கிடந்த உபரி நங்கூரத்தையும் கயிறுகளையும் இறக்கினேன். அதே இரண்டு பேர், அதே அளவு பெட்ரோல்: 4450 சுற்று, 41 மைல். இனிப் புரொப்பெல்லர் வாங்கலாமா? 19 ஸ்டெயின்லெஸ்ஸா, 21 ஸ்டெயின்லெஸ்ஸா, நாலு இதழா?

பழைய சுக்கான்:
இப்போது வாங்கலாம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும். 21-இலிருந்து 19-க்கு இறங்கினால் 4750-ஐத் தாண்டும் கணக்கு. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸின் விளிம்பு வளைவு தண்ணீரை இறுக்கிப் பிடிப்பதால் அதில் கொஞ்சம் கழியும். 4700 பக்கம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன், அதுதான் வேண்டிய இடம். அலுமினிய இதழ் முழு வேகத்தில் வளைந்து கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் வளையாது, இதழும் மெல்லியது, அதில்தான் நழுவல் குறைகிறது. நாலு இதழ் திருப்பத்தில் பிடியை விடாது, ஸ்கீ இழுக்க அருமை, ஆனால் உச்ச வேகத்தில் ஒரு மைல் அளவு கேட்கும். வேகம்தான் நோக்கம் என்றால் மூன்று இதழ் 19. முடிந்தால் போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளத் தருகிற கடையில் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: பாறையில் பட்டால் அலுமினியம் தானே கிழிந்து கொடுக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்த அடியின் பெரும்பகுதி டிரைவுக்குப் போகும். கரையோரப் பாறைகளுக்குள் ஓடுபவர் என்றால் பழைய அலுமினியத்தை வீசாமல் வைத்திருங்கள்.

50 பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இதே அடி, இதே எடை என்றால் வேகம் குதிரைத்திறனின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி ஏறும். 40-இலிருந்து 50 என்பது 1.25 மடங்கு. அதற்குத் திறன் 1.56 மடங்கு வேண்டும். 220 ஏறத்தாழ 344 ஆக வேண்டும். ஆல்ஃபா ஒன் தாங்குகிற எல்லை 300-ஐ ஒட்டித்தான். எஞ்சினோடு டிரைவையும், அதைப் படகின் பின்சுவரில் பிடிக்கும் டிரான்ஸம் பாகத்தையும் மாற்ற வேண்டி வரும், அந்தக் காசுக்கு 50 ஓடுகிற இன்னொரு படகே கிடைக்கும். வி6-இல் சில ஆயிரம் டாலர் போட்டு இரண்டு மைல் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரட்டைச்சுற்று:
ஃப்ளேம் அரெஸ்டர் பற்றிய விளக்கத்துக்கு நன்றி அண்ணா. பின்பக்க டிரைவில் சிறகு போல ஒரு தகடு விற்கிறார்களே, அது உதவுமா?

மட்டிக்கரை:
பாரத்தோடு படகு கெதியாகத் தண்ணீர்மேல் எழும்ப உதவும், குறைந்த வேகத்தில் மூக்கைக் கீழே வைத்திருக்கும். உச்ச வேகத்துக்கு அது தண்ணீரில் இழுபடும் கூடுதல் பரப்புதான். டிரைவில் துளை போட வேண்டியும் வரலாம். இந்தப் படகுக்கு வேண்டாம்.

ஏரிக்காற்று:
19 ஸ்டெயின்லெஸ் போட்டாயிற்று. 4700 சுற்று, 42 மைல். நழுவல் கணக்குப் பார்த்தேன், 10 சதவீதம். உச்ச வேகத்தைவிட எனக்குப் பிடித்தது எழும்புகிற விதம். நாலு பேரோடு ஸ்கீ இழுத்தாலும் மூக்கு வானத்தைப் பார்ப்பதில்லை. 50 கனவை இந்தப் படகில் விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: ட்ரிம்மை (டிரைவின் சாய்வை) மேலே தூக்கத் தூக்க வேகம் ஏறுகிறது, ஒரு கட்டத்தில் மூக்கு மேலும் கீழுமாகக் குதிக்க ஆரம்பிக்கிறது. புரொப்பெல்லர் காரணமா?

பழைய சுக்கான்:
இல்லை, ட்ரிம் அதிகம். மூக்கைத் தாங்குகிற அளவுக்கு அடிப்பாகம் தண்ணீரில் இல்லை, அதனால் எழுவதும் விழுவதுமாக இருக்கிறது. குதிக்கத் தொடங்கியதும் ட்ரிம்மைக் கொஞ்சம் இறக்குங்கள், நின்றுவிடும். நிற்காவிட்டால் பின்னால் இருப்பவரை முன் இருக்கைக்கு அனுப்பிப் பாருங்கள். ட்ரிம்மை ஏற்றிக்கொண்டே போகும்போது சுற்று திடீரென ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது, அங்கும் இறக்க வேண்டும். முழுவேகத் திருப்பத்துக்கு முன் எப்போதும் ட்ரிம்மை உள்ளே எடுங்கள், நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றின் கொக்கி உங்கள் மேல் மாட்டியிருக்கட்டும். காலியாக ஓடும்போது 4800-ஐத் தாண்டினால் லீவரைச் சற்றுப் பின்னுக்கு எடுங்கள்.

புதுப் புரொப்பெல்லர் என்பதால் சில மணி நேரம் ஓடிய பிறகு நட்டை ஒருமுறை மறுபடி பாருங்கள். 55 அடி-பவுண்டுக்குக் குறையாமல் இறுக்கி, பூட்டுத் தகட்டின் காதுகளை வடிவாக மடித்து விடுங்கள்.